மின்தூக்கி வாசலில் ஒரு தாள் ஒட்டுங்கள்

நம் வட்டாரத்து நிலத்துக்குத் திட்டம் தீட்டும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் நாற்பது வருடத்துக்கு மேலாகக் குடியிருக்கிறேன். கட்டட வரைபடம் வரையும் வேலையில் முப்பது வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள். எங்கள் புளோக்குக்கு எதிரே ஒரு திடல் இருந்தது. சென்ற தீபாவளிக்கு அடுத்த வாரம் காலையில் பால் வாங்கக் கீழே இறங்கினேன். திடலைச் சுற்றித் தகரத் தடுப்பு நின்றது. முதல் நாள் சாயந்திரம் அங்கே பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் திடலை நீங்கள் வரைபடத்தில் பார்த்திருப்பீர்கள். நாங்கள் பார்த்ததைச் சொல்கிறேன். காலை ஆறு மணிக்கு மூத்தோர் நான்கைந்து பேர் அதைச் சுற்றி நடப்பார்கள். புல்லில் தேய்ந்து தேய்ந்து ஒற்றையடிப் பாதையே விழுந்திருந்தது. சீனர்களின் ஏழாம் மாதத்தில் அங்கே கேத்தாய் என்னும் ஆட்டபாட்ட நிகழ்ச்சிக்கு மேடை போடுவார்கள். முன்வரிசை நாற்காலிகளை ஆவிகளுக்காகக் காலியாக விட்டிருப்பார்கள். எட்டாவது மாடியில் இருக்கும் மக்சிக், அதாவது மலாய்க்கார அத்தை, தன் பேரனுக்கு சைக்கிள் பழக்கியது அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் நம் ஊர்ப் பையன்கள் வருவார்கள். கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை பார்க்கிறவர்கள். புதுக்கோட்டை, சிவகங்கை, திருவாரூர் என்று ஒவ்வொரு ஊர்ப் பேச்சும் அந்தத் திடலில் கேட்கும். டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடிவிட்டு, மழை மரத்தடியில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் பேசுவார்கள்.

அன்று காலை தடுப்புக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றோம். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு எழுபத்தெட்டு வயது. அவர் என்னைப் பார்த்து, "தங்கச்சி, நீதான் பிளான் எல்லாம் படிக்கிற ஆளாச்சே, இங்க என்னதான் வரப்போகுது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தடுப்பில் ஒப்பந்தக்காரரின் பெயரும் ஆபத்து எச்சரிக்கையும் இருந்தன. என்ன கட்டுகிறார்கள், எத்தனை மாடி, எப்போது முடியும் என்று ஒரு வரிகூட இல்லை. போன் செய்த இடத்தில் இன்னோர் அலுவலகத்தைக் கேட்கச் சொன்னார்கள். அங்கே கேட்டால் இணையத்தில் இருக்கிறது என்றார்கள்.

இணையத்தில் இருந்தது உண்மைதான். எந்த நிலம் எதற்கு என்று காட்டும் பெருந்திட்ட வரைபடத்தை அன்றிரவு திறந்து எங்கள் புளோக்கைத் தேடிப் பிடித்தேன். திடல் பல வருடமாக மஞ்சள் நிறத்தில் இருந்திருக்கிறது. மஞ்சள் என்றால் ஒதுக்கி வைத்த நிலம். என்ன பயன்பாடு என்று இன்னும் முடிவாகவில்லை, முடிவாகும்வரை தற்காலிகமாக வேறு எதற்காவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று அர்த்தம். பிறகு ஒரு திருத்தத்தில் அது குடியிருப்பு நிலமாக மாறி, 2.8 என்ற எண்ணும் ஏறியிருந்தது. சட்டப்படி அந்தத் திருத்தத்தை இரண்டு வாரம் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருப்பார்கள். ஆட்சேபம் சொல்லவும் வாய்ப்பு இருந்திருக்கும். அந்த இரண்டு வாரத்தில் எங்கள் புளோக்கில் ஒருவருக்கும் அது தெரியாது. வரைபடம் வாசித்தே சம்பாதித்த எனக்கும் தெரியாது.

இந்தக் கடிதத்தை அண்டை வீட்டாரும் படிப்பார்கள் என்பதால், அந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரை 55 திட்டப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் உள்ள ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு நிறம் உண்டு. பச்சை பூங்கா, நீலம் வணிகம், ஊதா தொழிற்சாலை. பெரும்பாலான துண்டுகளில் நிறத்தோடு ஓர் எண்ணும் இருக்கும். 2.8 என்றால் நிலத்தின் பரப்பைப் போல 2.8 மடங்கு தளப்பரப்பு கட்டலாம். ஆயிரம் சதுர மீட்டர் நிலத்தில் எல்லா மாடிகளையும் கூட்டினால் 2,800 சதுர மீட்டர். எங்கள் சன்னலுக்கு எதிரே வானம் எவ்வளவு மிஞ்சும், மின்தூக்கிக்கும் பேருந்துக்கும் எத்தனை பேர் காத்திருப்போம், மாலை வெயில் எந்த மாடியோடு நின்றுவிடும் என்பதையெல்லாம் பெருமளவு தீர்மானிப்பது அந்தச் சின்ன எண்தான். நகர மறுசீரமைப்பு ஆணையம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இந்தப் பெருந்திட்டத்தை மறுபரிசீலனை செய்கிறது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கான திட்டம் அது. முதல் பெருந்திட்டம் 1958ல் வந்தது. 2025 ஜூனில் புதிய வரைவைக் கண்காட்சியாகவே வைத்தார்கள். எதுவும் ஒளித்து வைக்கப்படவில்லை. ஆனால் தேடத் தெரிந்தவர் கண்ணுக்குத்தான் அது படுகிறது.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். திடலில் வீடு கட்டாதீர்கள் என்று கேட்க நான் எழுதவில்லை. என் மகளும் மருமகனும் பிடிஓ வீட்டுக்காக, அதாவது பதிவு செய்தபின் அரசு கட்டித்தரும் வீட்டுக்காக, நான்கு வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். கைக்குழந்தையோடு என் வீட்டு அறையில்தான் இருந்தார்கள். சாவி வாங்கிய அன்று நான் அழுதுவிட்டேன். அவர்கள் வீடும் யாரோ நடந்த புல்வெளியில், யாரோ விளையாடிய திடலில்தான் எழும்பியிருக்கும். ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர் நாட்டில் வீடு, பள்ளி, மருத்துவமனை, ராணுவம், துறைமுகம், விமான நிலையம் எல்லாவற்றுக்கும் இடம் காண வேண்டும். அந்தக் கணக்கு எனக்குப் புரியும்.

எனக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. என் அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். நேவல் பேஸ் என்றுதான் வீட்டில் சொல்வோம். 1938ல் பிரிட்டிஷ்காரர்கள் திறந்த தளம். மலையாளிகளும் தமிழர்களும் ஆயிரக்கணக்கில் அங்கே வேலை செய்தார்கள். எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் சாம்பார் கொதித்தால் அந்தப் பக்கம் தேங்காய் எண்ணெய் காயும். 1971ல் பிரிட்டிஷ் படை கிளம்பியது. கப்பல் பட்டறை தொடர்ந்து நடந்தது, ஆனால் ஆட்கள் மெல்ல மெல்லக் கலைந்தார்கள். கேன்பரா சாலை ஓரத்தில் மரத்தடியில் ஒரு முருகன் கோயில் இருந்தது. தளத்துத் தொழிலாளர்கள் எழுப்பியது. அம்மா செவ்வாய்க்கிழமை தவறாமல் என்னை அங்கே கூட்டிப்போவார். பிறகு அந்த நிலமும் வேறு தேவைக்குப் போயிற்று.

அந்தக் கோயில்தான் இன்றைய புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம். 1996ல் ஈசூன் தொழிற்பேட்டையில் புதிய கட்டடத்தில் குடமுழுக்கு நடந்தது. சுற்றிலும் தொழிற்சாலைகள், லாரிகள், பட்டறைச் சத்தம். முதல் முறை போனபோது அம்மா வாசலிலேயே நின்று, "முருகனை ஃபேக்டரிக்குள்ள வச்சுட்டாங்களே" என்றார். அவருக்கு அந்த இடம் பிடிபட இரண்டு மூன்று வருடம் ஆனது. இன்று பங்குனி உத்திரத்தன்று வந்து பாருங்கள். காவடியும் பால்குடமும் தொழிற்பேட்டைச் சாலையில் வரும்போது, ஷட்டர் பாதி திறந்த பட்டறைகளிலிருந்து எல்லா இனத்தவரும் எட்டிப் பார்ப்பார்கள். இடம் மாறிய கோயிலும் ஊரின் கோயிலாகும். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் அது எப்படி முடிந்தது என்பதையும் பாருங்கள். கோயில் போகப்போகிறது என்பது பக்தர்களுக்கு முன்பே தெரியும். எங்கே போகிறது என்று தெரியும். கூடிப் பேசினார்கள், நன்கொடை சேர்த்தார்கள், கோபப்பட்டார்கள். அம்மா பழைய இடத்தில் கடைசியாக ஒரு முறை விளக்கேற்றிவிட்டு வந்தார். ஓர் இடத்தை இழக்கும்போது அதற்கு விடைகொடுக்க மனிதருக்குக் கொஞ்சம் நாள் வேண்டும். எங்கள் திடலுக்கு அந்த ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. தடுப்புக்குள் மாட்டிக்கொண்ட அந்த மழை மரத்தை, பக்கத்து வீட்டு அண்ணன் தகரத்தின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி இறந்த பிறகு தினமும் அதன் அடியில் உட்காருவார்.

முன்கூட்டியே சொன்னால் எதிர்ப்பு கிளம்பும், வேலை நடக்காது என்று நீங்கள் நினைக்கலாம். அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. 2008ல் சிராங்கூன் கார்டன்ஸில் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தை வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதியாக மாற்றும் பேச்சு எழுந்தபோது, ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். விடுதி வந்தது. ஆனால் ஊழியர்கள் பேட்டைத் தெருக்கள் வழியே வராமலிருக்கத் தனிச் சாலை போட வேண்டியதாயிற்று. அந்தச் செய்தியை அன்று நாளிதழில் படித்தபோது எனக்கு வந்த அவமானம் இன்னும் போகவில்லை. என் அப்பாவும் ஒரு காலத்தில் அப்படி வந்த தொழிலாளிதான். 2012ல் உட்லண்ட்ஸில் இரண்டு புளோக்குகளின் கீழ்த்தளத்தில் மூத்தோருக்குப் பகல்நேரப் பராமரிப்பு நிலையம் வரப்போகிறது என்றதும் அங்கேயும் கையெழுத்து வேட்டை நடந்தது. முதியவர்களைப் பார்த்தால் வீட்டு விலை இறங்கிவிடுமாம். இப்படிப்பட்ட எதிர்ப்புக்கு நீங்கள் வளைந்து கொடுக்கக் கூடாது. ஊழியரையோ முதியவரையோ துரத்துவதற்குத்தான் அக்கம்பக்கத்தாரின் குரல் பயன்படும் என்றால், அந்தக் கூட்டத்தில் நான் சேர மாட்டேன்.

ஆனால் சொல்லாமல் விட்டால் எதிர்ப்பு இல்லாமல் போய்விடுமா? ஃபெர்ன்வேல் வட்டாரத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பிடிஓ வீடு வாங்கியவர்களுக்குப் பக்கத்தில் சீனக் கோயில் வரும் என்று தெரியும். அதோடு அஸ்திமாடமும் வரும், அந்த நிலத்தை ஒரு தனியார் நிறுவனம் ஏலத்தில் எடுத்திருக்கிறது என்பதெல்லாம் 2014 கடைசியில்தான் பலருக்குத் தெரியவந்தது. மக்கள் கொதித்தார்கள். 2015 ஜனவரியில் அப்போதைய தேசிய வளர்ச்சி அமைச்சர் கோ பூன் வான், வணிக நோக்கிலான அஸ்திமாடம் அங்கே வராது என்று நாடாளுமன்றத்தில் விளக்க வேண்டி வந்தது. அஸ்தி வைக்க ஓர் இடம் எல்லாக் குடும்பத்துக்கும் ஒருநாள் வேண்டும். அதற்காக மட்டும் எல்லோரும் அவ்வளவு கோபப்பட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டபின் விஷயம் தெரிந்தது என்ற ஆத்திரமும் அதில் இருந்தது.

நன்றாக நடந்ததையும் சொல்ல வேண்டும். டோவர் காடு என்று மக்கள் அழைக்கும் 33 ஹெக்டர் பகுதியில் வீடு கட்டும் திட்டத்துக்கு 2021ல் கருத்துக் கேட்டார்கள். சுற்றுச்சூழல் ஆய்வை வெளியிட்டார்கள். எழுதிய ஆட்கள் ஏராளம். கடைசியில் கிழக்குப் பாதியில் முதலில் வீடு, மேற்குப் பாதியை இப்போதைக்குத் தொடுவதில்லை என்று முடிவானது. வீடும் வருகிறது, காட்டின் பாதியும் நிற்கிறது. கேட்டதால் திட்டம் நின்றுபோகவில்லை, மேம்பட்டது. ஆனால் அங்கே எழுதியவர்களில் பலர் ஆங்கிலத்தில் அறிக்கை படித்து ஆங்கிலத்திலேயே பத்திபத்தியாக எழுதக்கூடியவர்கள். எங்கள் புளோக்கில் அப்படி எழுதக்கூடியவர்கள் குறைவு. அவர்களுக்கும் ஒரு திடல் இருக்கிறது.

சரி, நான் கேட்பது என்னவென்று சொல்கிறேன்.

ஒரு நிலத்தின் நிறமோ எண்ணோ மாறப்போகிறது என்றால், அதைப் பார்த்தபடி இருக்கும் புளோக்குகளின் மின்தூக்கி வாசலில் ஒரு தாள் ஒட்டுங்கள். டெங்கி எச்சரிக்கை ஒட்டுகிறீர்கள், மின்தூக்கிப் பராமரிப்பு நாளை ஒட்டுகிறீர்கள், கீழ்த்தளத்தில் யார் வீட்டுத் திருமணம் என்பதைக்கூட ஒட்ட இடம் இருக்கிறது. அந்த இடம் போதும். தாளில் எங்கள் புளோக்கையும் அந்த நிலத்தையும் காட்டும் சிறிய படம் இருக்கட்டும். இப்போது என்ன, இனி என்னவெல்லாம் வரலாம், உச்சமாக எத்தனை மாடி, கருத்துச் சொல்லக் கடைசி நாள் எது என்று நான்கு மொழியிலும் எழுதுங்கள். தமிழ் இந்த நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. தமிழில் எழுதும்போது, கணினி துப்பியதை அப்படியே ஒட்டாமல், தமிழ் தெரிந்த ஒருவர் வாசித்துப் பார்த்த தமிழாக இருக்கட்டும். "மொத்த மனை விகிதம் 2.8" என்று எழுதினால் அண்ணனுக்கு ஒன்றும் புரியாது. "இந்த நிலத்தில் இத்தனை மாடி வரை வீடுகள் வரலாம்" என்றால் புரியும்.

மஞ்சள் நிலத்தைப் பற்றியும் அப்படித்தான். அது என்றைக்கும் திடலாக இருக்கப்போவதில்லை என்று உங்களுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். எங்களுக்குத் தெரியாது. இருபது வருடம் புல் வளர்ந்து கிடக்கும் இடத்தைப் பார்த்து மக்கள் பூங்கா என்றுதான் நினைப்பார்கள். அங்கே ஒரு சின்னப் பலகை நட்டு, "இது எதிர்காலத் தேவைக்காக வைக்கப்பட்ட நிலம், அதுவரை நீங்கள் பயன்படுத்தலாம்" என்று நாலு மொழியில் எழுதி வைத்தால், பாசம் வைக்கிறவர்கள் விவரம் தெரிந்தே வைப்பார்கள். பலகைக்கு என்ன பெரிய செலவு ஆகிவிடப்போகிறது?

இரண்டு வாரம் என்பதும் போதாது. ஷிஃப்டு வேலை பார்க்கும் குடும்பத்துக்கு அது ஒரு சுற்றுகூட இல்லை. குறைந்தது ஆறு வாரம் கொடுங்கள். அதில் ஒரு மாலை வசிப்போர் குழு அறைக்கோ கீழ்த்தளத்துக்கோ திட்டம் தெரிந்த ஓர் அதிகாரியை அனுப்புங்கள். கூட மொழிபெயர்க்க ஒருவர் வரட்டும். திட்டிவிட்டுப் போகிறவர்களும் இருப்பார்கள். ஆனால் மரத்தை விட்டுவைக்க முடியுமா, மூத்தோர் நடக்க ஒரு பாதையைக் கட்டடங்களுக்கு நடுவே விட முடியுமா, கூடைப்பந்துத் திடலோடு கிரிக்கெட்டுக்கும் ஒரு மூலை கிடைக்குமா என்று கேட்கத்தான் பெரும்பாலானவர்கள் வருவார்கள். கட்டடத்தின் நிலை முடிவான பிறகு மரத்தைக் காப்பாற்ற முடியாது. பேப்பரில் இருக்கும்போது ஒரு புளோக்கை ஐந்து மீட்டர் நகர்த்துவது பத்து நிமிட வேலை. முப்பது வருடம் அதைச் செய்தவள் சொல்கிறேன்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பையன்கள். அவர்கள் இங்கே வாக்காளர்கள் இல்லை, எந்த முகவரிக்கும் உங்கள் கடிதம் அவர்களுக்குப் போகாது. ஆனால் அந்தத் திடலை வாரம் தவறாமல் அவ்வளவு நேரம் பயன்படுத்தியவர்கள் வேறு யாருமில்லை. தடுப்பு எழும்பிய முதல் ஞாயிறு நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். மட்டையோடு வந்து தடுப்பைப் பார்த்தார்கள். ஒருவன் தகரத்தைத் தட்டிப் பார்த்தான். கொஞ்ச நேரம் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விட்டார்கள். வீடு கட்டும் வேலைக்கு நாளை அந்தத் தடுப்புக்குள் போகப்போகிறவர்களும் அவர்களைப் போன்றவர்கள்தான். ஒரு திடலை எடுக்கும்போது நடந்து போகும் தூரத்தில் மாற்றுத் திடல் எது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். இல்லை என்றால் இல்லை என்றாவது எழுதுங்கள்.

கடைசியாக, கருத்துக் கேட்டபின் என்ன ஆனது என்பதையும் சொல்லுங்கள். எதை ஏற்றுக்கொண்டீர்கள், எதை ஏற்க முடியவில்லை, ஏன் என்று அதே மின்தூக்கி வாசலில் இன்னொரு தாள். நாங்கள் கேட்டது நடக்காமல் போனாலும் காரணம் தெரிந்தால் மனம் ஆறும். என் அம்மாவுக்கு ஆறியது.

செம்பவாங்கில் இன்னும் பெரிய மாற்றங்கள் வரவிருக்கின்றன. அப்பா வேலை பார்த்த கப்பல் பட்டறை இருக்கும் கடலோரத்தைப் புதிய வட்டாரமாக்கும் எண்ணம் வரைவுத் திட்டத்திலேயே இருக்கிறது. அங்கே எங்கள் குடும்பங்களின் வேர்வை இருக்கிறது. அந்த வட்டாரத்தின் நிறங்களைத் தீர்மானிப்பதற்கு முன்பே இந்தத் தாள் ஒட்டும் வழக்கத்தைத் தொடங்கிவிடலாம். எங்கள் திடலுக்குத் தாமதமாகிவிட்டது. ஆனால் அந்த மழை மரம் இதை எழுதும் இன்றுவரை வெட்டப்படவில்லை. காலையில் தடுப்பின் மேல் அதன் உச்சி தெரிந்தது. அது வரைபடத்தில் எந்தப் பக்கம் வருகிறது என்று ஒரு முறை பார்த்துச் சொல்லுங்கள்.

தமிழில் எழுத, எழுதியதைச் சரிபார்க்க ஆள் தேவைப்பட்டால் கூப்பிடுங்கள். தாளை நானே கீழே இறங்கி ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஈசூனில் திடலைப் பார்த்த சன்னல் வீட்டுக்காரி